ஒரு பேச்சுக்குச் சொன்னது

நோர்வேயில் முப்பது வருசம் இருந்தவனிடம் உபசாரத்துக்குக்கூட 'வேண்டாம்' என்று சொல்லக்கூடாது. இதை யாராவது எனக்கு முன்னமே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒருத்தரும் சொல்லவில்லை, நானும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

என் மனைவி அம்பிகையின் தம்பி தர்சனைப் பற்றித்தான் சொல்கிறேன். நோர்வேயில், காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிற ஒரு சின்ன ஊரில், மர ஆலையில் அவனுக்கு வேலை. அந்த ஊர் வெள்ளைக்காரரின் வேட்டைக் குழுவிலும் அவன் ஓர் ஆள். புரட்டாதியில் எல்க் வேட்டை தொடங்கிவிட்டால் போனில்கூட அவனைப் பிடிக்க முடியாது. எல்க் என்பது மான்தான். ஆனால் எங்கள் வன்னிக் காட்டு மரை அதற்குப் பக்கத்தில் நின்றால் கன்றுக்குட்டி. உயரம் குதிரையைவிடக் கூட, கொம்பு இரண்டும் சுளகு சுளகாக விரிந்திருக்கும். குழுவில் ஒருவர் இடுப்பு ஒப்பரேசன் என்று இந்த வருசம் நின்றுவிட்டார். ஒரேயோர் இடம் காலி. ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தர்சன் வீடியோவில் வந்து, "அத்தான், எல்க் வேட்டைக்கு வாறியளோ? ஒரு இடம் கிடக்கு," என்றான்.

எத்தனையோ வருசமாக நான் காத்திருந்த கேள்வி அது.

என் வயது அறுபத்திரண்டு. இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்த நாள் முதல் ஓர் அவ்வொகாத்தோவின் வீட்டில் வேலை. வழக்கறிஞர், பெரிய மனிசர். வீடு துடைத்தேன், சமைத்தேன், படுக்கையில் கிடந்த அவருடைய தாயைப் பார்த்தேன், பிறகு அவரோடு மலைக்காட்டுக்குப் பன்றி வேட்டைக்கும் போனேன். முதலில் சாப்பாட்டுக் கூடை தூக்கப் போனேன். பிறகு பன்றி கலைக்க. இத்தாலியப் பிரஜாவுரிமை கிடைத்த கையோடு அவரே என்னைக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போய்த் துவக்கு லைசென்சுக்கு எழுதவைத்தார். என் பக்கம் வந்த பன்றி திரும்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை. இதை நானே சொல்வது அழகில்லைத்தான், ஆனால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

ஆனாலும் பன்றி பன்றிதான். தர்சன் வருசா வருசம் அனுப்புகிற எல்க் படங்களை நான் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். பனி விழுந்த சதுப்பில் அந்த மிருகம் கிடக்கும், பக்கத்தில் இவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். அந்த இடத்தில் என்னை நிறுத்திப் பார்ப்பேன். நான் நின்றால் இன்னும் பொருத்தமாக இருக்கும் என்று படும். அதற்கான காலமோ போய்க்கொண்டிருந்தது. வலது முழங்காலை வருகிற தையில் மாற்ற வேண்டும், அதற்குப் பிறகு காடு மலை என்று அலைய விடமாட்டேன் என்று டொக்ரர் சொல்லிவிட்டார். இடது கண்ணிலும் புகை படர்கிறது, அடுத்த கண் சோதனையில் லைசென்சைப் புதுப்பிப்பார்களோ தெரியாது. இந்த வருசம் போனால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் தர்சனுக்குச் சொன்ன பதில் இது: "எனக்கேன் தம்பி உதெல்லாம் இந்த வயசிலை. யசிந்தனைக் கேள். அவர் இளந்தாரி."

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு கோப்பை தேத்தண்ணிக்கே இரண்டு தரம் வேண்டாம் சொல்லி மூன்றாம் தரம் வாங்குகிறவர்கள் நாங்கள். அவன் இரண்டாம் தரம் கேட்க வேண்டும். "சும்மா வாங்கோ அத்தான், உங்களை விட்டிட்டு வேறை ஆரைக் கூப்பிடுறது" என்று சொல்ல வேண்டும். நான் "பாப்பம்" என்பேன். பக்கத்தில் இருக்கிற அம்பிகை, "அவன் இவ்வளவு சொல்லுறான், போட்டுத்தான் வாங்கோவன்" என்பாள். நான் பெரிய மனது பண்ணி ஓம் சொல்வேன். அப்படித்தான் ஒரு காரியம் நடக்க வேண்டும்.

தர்சன் "ஓகே அத்தான்" என்றான். பிறகு அங்கே மழை பெய்கிறது என்றான். பிறகு போனை வைத்துவிட்டான்.

நான் ஒரு கிழமை போனைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அவ்வொகாத்தோவின் வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூடக் குழாய்க்கு மேலே தட்டில் நிறுத்தி வைத்திருந்தேன். திரும்பக் கேட்பான், ஞாயிற்றுக்கிழமை கேட்பான் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை யசிந்தன்தான் வந்தான். பல்லரோச் சந்தையில் வாங்கிய ஒரு பெரிய மீனைப் பையோடு மேசையில் வைத்துவிட்டு, "அண்ணை, நீங்கள் சொன்னதாலைதான் தர்சன் என்னைக் கேட்டவன். நீங்கள் இல்லாட்டில் எனக்கு இது கிடைக்குமோ," என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

யசிந்தன் எனக்குச் சகலன், அம்பிகையின் தங்கை ஆரணியின் புருசன். நாற்பத்தாறு வயது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. வேட்டைக்கு வந்து ஐந்தாறு வருசம்தான் இருக்கும், கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கியதும் நான்தான். நல்லவன். அதுதான் பெரிய கரைச்சல். கெட்டவன் என்றால் நாலு பேருக்கு முன்னால் திட்டிவிட்டாவது போகலாம்.

நல்லது, நல்லது என்றேன். அந்த மீனை அம்பிகை குழம்பு வைத்தாள். ஒரு வாய் எனக்கு இறங்கவில்லை.

அதன் பிறகு தொடங்கியது என் சனி. தினமும் வேலை முடிந்து யசிந்தன் எங்கள் வீட்டுக்கு வருவான். அண்ணை, சப்பாத்து எப்படியானது வாங்க? அண்ணை, அங்கை எவ்வளவு குளிரும்? அண்ணை, நாய் குரைச்சுக்கொண்டு வந்தால் எல்க் அதுக்கு முன்னாலை வருமோ, பின்னாலை வருமோ? எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. தர்சன் கேட்ட அன்றைக்கே நான் மனதுக்குள் வெளிக்கிட்டுவிட்டேன் அல்லவா. மேலுக்கு மேல் என்னென்ன உடுப்பு, உள்ளே கம்பளி, வேர்த்தால் மாற்ற இன்னொன்று. வயதானவன் நாயோடு ஓடத் தேவையில்லை, ஒரு மரத்தடியில் இடம் பிடித்துக் காற்றுக்கு எதிரே முகத்தை வைத்து அசையாமல் இருக்கத் தெரிந்தால் போதும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். பிரஷர் குளிசையை எந்தப் பையில் வைப்பது என்பதுகூட முடிவாகியிருந்தது. அவ்வளவையும் நான் சொல்லச் சொல்ல அவன் தலையாட்டி வாங்கிக்கொண்டு போனான். என் வேட்டையைத் துண்டு துண்டாக அவனுக்குப் பார்சல் கட்டிக் கொடுத்தேன்.

ஒன்றை மட்டும் பிழையாகச் சொன்னேன். சப்பாத்தை ஓர் அளவு சின்னதாக எடும், ஈரத்தில் நடக்க நடக்க விரியும் என்றேன். இதைச் சொல்லும்போது என் முகம் கோயில் ஐயரின் முகம் போல இருந்திருக்கும்.

அவன் அந்தச் சப்பாத்தை வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிறு காலை என்னையும் கூட்டிக்கொண்டு சாந்தா ரொசாலியா மலைக்கு நடக்க வந்தான். பலெர்மோத் தமிழர் சைவமோ கிறிஸ்தவமோ எல்லோரும் ஏறுகிற மலைதான். காலைப் பழக்க வேண்டுமாம். நானும் விடுவேனா, முழங்காலில் பட்டியைக் கட்டிக்கொண்டு ஏறினேன். பாதிக்கு மேல் என் கால் கழன்று விழுமோ என்றிருந்தது. அவனுக்கு நகம் கறுத்துவிட்டது, நொண்டினான். நொண்டிக்கொண்டே ஒவ்வொரு வளைவிலும் எனக்காக நின்றான். நின்று, தான் களைத்ததுபோல மூச்சு வாங்கிக் காட்டினான். நான் வெட்கப்படக்கூடாது என்று செய்கிறானாம். எனக்கு வந்த எரிச்சலில் அவனை அந்த மலையிலிருந்து கடலுக்குள் தள்ளியிருப்பேன்.

மேலே போய் ரொசாலியா அன்னையின் குகைக்குள் கும்பிடும்போது அவனைப் பார்த்தேன். கண்ணை மூடிச் சிரித்த முகமாக நின்றான். என்ன கேட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் கேட்டதை அந்த அன்னைக்குத் தவிர வேறு யாருக்கும் சொல்லமாட்டேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. இரவுச் சாப்பாட்டில் நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தால் அம்பிகைக்குக் காரணம் தெரியும். ஆனாலும் கேட்கமாட்டாள். ஒருநாள் நானே தொடங்கினேன். உன் தம்பிக்குக் கொஞ்சமும் மட்டு மரியாதை இல்லை, மூத்த அத்தானை ஒரு தரம் கேட்டுவிட்டு விடுகிறதா என்றேன். வேண்டாமென்று சொன்னது யார், நானா என்று கேட்டாள். அவனுக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லேன் என்றதற்கு, ஆரணியின் மனிசனுடைய வாயில் போட்டதைத் தான் பிடுங்கமாட்டாளாம். அதோடு புரட்டாதிச் சனி வருகிற மாதத்தில் உயிரைக் கொல்லப் போகாமல் வீட்டில் இருப்பது எனக்குப் புண்ணியம் என்றும் சொன்னாள். யசிந்தன் போனால் மட்டும் புரட்டாதி வராதாக்கும்.

மகள் கேசிகா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "பாப்பா, நீங்கள் ஜெலோசோ?" என்று கேட்டாள். எனக்கென்ன பொறாமை, எனக்குக் கால்வலி என்றேன். "மா தாய்," சும்மா விடுங்கோ என்கிற மாதிரி இத்தாலியனில் சொல்லிச் சிரித்துவிட்டு எழும்பிப் போனாள். பிள்ளைக்கு இத்தாலியனில் ஒரு சொல்லில் முடிந்த காரியம், எனக்குத் தமிழில் வாய்க்குள் வரவில்லை.

ஆடி மாதக் கடைசியில் அவனோடு சுடுகளத்துக்கும் போனேன். நோர்வேயில் இறங்கியதும் ஒரு சோதனை இருக்கிறது. நூறு மீட்டரில் மான் படம் ஒன்றை வைத்து ஐந்து வெடி வைக்கச் சொல்வார்கள். ஐந்தும் நெஞ்சுக் கூட்டுக்குள் விழ வேண்டும், ஒன்று தப்பினாலும் காட்டுக்குள் விடமாட்டார்கள். யசிந்தன் படுத்துக்கிடந்து சுட்டான். நாலு உள்ளே, ஒன்று வயிற்றில். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. நீங்களும் சும்மா ஒருக்கால் சுட்டுப் பாருங்கோ அண்ணை என்றான். சும்மா என்ன சும்மா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முழங்கால் கத்தக் கத்தக் கீழே படுத்து, ஐந்தையும் ஒரு தோசைக்கல் அகலத்துக்குள் வைத்தேன். புகை படர்ந்தது இடது கண்ணில்தானே, சுடுவது வலது கண்ணால்.

யசிந்தன் அந்தப் படத்தைக் கழற்றிக் கையில் வைத்துக் கனநேரம் பார்த்தான். "அண்ணை, நீங்கள்தான் போகவேண்டிய ஆள்," என்றான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த வசனத்துக்குக் காத்திருந்தேன். அவன் படத்தை மடித்து என்னிடம் தந்துவிட்டுத் துவக்கைத் துடைக்கத் தொடங்கினான். அடுத்த முறை தனக்கு ஐந்தும் விழும் என்றான். ஐயோ, எனக்கு வந்த கோபம்!

இப்படியே ஃபெரகோஸ்தோ வந்தது. அந்த விடுமுறை நாளில் ஊரே கடற்கரையில் கிடக்கும், ஹோட்டல்காரனுக்கும் ஒருநாள் ஓய்வு. ஒரேத்தோ தெருவில் யசிந்தனின் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த நாள் அவன் ரிக்கற் போடப்போகிறான், அதற்கு முதல் ஒரு விருந்து. ஆரணி நண்டுக் குழம்பும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் செய்திருந்தாள். தர்சனும் விருந்தில் இருந்தான், தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்த போனுக்குள். குழுக்காரருக்குக் கடைசிப் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும், யசிந்தனின் பாஸ்போட் பெயரைச் சரியாக எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான். கதிரைக்குப் பின்னால் யசிந்தனுக்கு ஆரணி வாங்கிய பச்சை யாக்கெற் தொங்கியது. நான் நண்டுக் காலைக் கடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யசிந்தனுக்கு அன்றைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சந்தோசம் கூடினால் எங்கள் ஆட்களுக்கு உபசாரமும் கூடிவிடும். எனக்கு இறைச்சி போட்ட கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, எல்லோரும் கேட்கச் சொன்னான்.

"அண்ணை, மூத்தவர் நீங்கள் இருக்க நான் போறது எனக்கே ஒரு மாதிரித்தான் கிடக்கு. இப்பவும் ஒண்டும் குடிமுழுகிப் போகேல்லை. நீங்கள் போறதெண்டால் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, நான் விட்டுத்தாறன்."

ஆரணி சிரித்துக்கொண்டு அப்பளத் தட்டை நீட்டினாள். அம்பிகை என்னைப் பார்க்கவேயில்லை. அடுத்து நான் சொல்ல வேண்டியது என்னவென்று அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சீச்சீ, என்ன கதை கதைக்கிறீர், நீர் போட்டு வாரும், எனக்கு ஒரு துண்டு இறைச்சி கொண்டுவந்தால் காணும். அந்த வசனம் முழுதாக என் நாக்கு நுனியில் நின்றது. அதற்குப் பிறகு யசிந்தன் இன்னொரு தரம் கேட்பான், நான் இன்னொரு தரம் மறுப்பேன், எல்லோரும் பாயாசம் குடிப்போம். முழங்கால் தையில் போகும். புரட்டாதியில் யசிந்தன் படம் அனுப்புவான், நான் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

"ஓம்," என்றேன். "நான் போறன்."

யசிந்தனின் கரண்டி என் கோப்பைக்கு மேலேயே நின்றது. அவன் என் முகத்தைப் பார்த்தான், நான் பகிடி விடுகிறேனா என்று தேடினான். நான் இறைச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது ஒருவர் சிரித்திருந்தால் நானும் சிரித்துச் சமாளித்திருப்பேனோ என்னவோ. ஒருவரும் சிரிக்கவில்லை.

போனுக்குள்ளிருந்து தர்சன்தான் பேசினான். "ஓகே, அப்ப அத்தான் வாறார். பெயரை மாத்திறன். அத்தான், உங்கடை பாஸ்போட் இலக்கத்தைச் சொல்லுங்கோ."

ஆனியில் என்னைக் கொன்ற அதே குணம் ஆவணியில் எனக்குக் கைகொடுத்தது. நான் இலக்கத்தைச் சொன்னேன். மனப்பாடமாக இருந்தது. யசிந்தன் கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு, "நல்லது அண்ணை, சந்தோசம்," என்றான். ஆரணி எழும்பிக் குசினிக்குள் போனவள் பாயாசத்தோடு திரும்பி வரக் கனநேரம் எடுத்தது. சீனி போட மறந்திருந்தாள். எல்லோரும் அதைக் குடித்து முடித்தோம்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். கடையெல்லாம் பூட்டு, தெருவில் வெயிலைத் தவிர ஒருவரும் இல்லை. ஸ்தாசியோனே தாண்டும்வரை அம்பிகை விறுவிறு என்று நடந்தாள். பிறகு நின்றாள்.

"அவன் ஒரு பேச்சுக்குச் சொன்னவன். அது உங்களுக்கு விளங்கேல்லையோ?"

"விளங்கினது."

"விளங்கித்தான் ஓமெண்டனீங்களோ?"

"ஓம். நானும் அண்டைக்கு ஒரு பேச்சுக்குத்தான் சொன்னனான். அது ஆருக்கு விளங்கினது?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டா இரண்டு மாதமாகக் கோப்பையைத் தள்ளிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்கிற பார்வை. பிறகு முந்தானையால் தலையை மூடிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து போய்விட்டாள். தங்கையின் முகத்தில் எப்படி முழிப்பது என்று அன்றைக்கு முழுக்கப் புறுபுறுத்தாள். ஆனால் என் கம்பளி உள்ளுடுப்பை எடுத்துத் தோய்த்துக் காயப்போட்டதும் அவள்தான்.

இடம் என்னுடையதாகிவிட்டது. இனி நிம்மதியாக வேட்டையைத் திட்டம் போடலாம் என்று நினைத்தேன். ஆவணிச் சதுர்த்திக்குக் கோயிலுக்குப் போனபோதுதான் அடுத்த அடி விழுந்தது. நிர்வாகத்தில் இருக்கிற தனேஸ் பிரசாதம் கொடுத்தபடியே என்னிடம், யசிந்தன் செய்ததைக் கேள்விப்பட்டோம், மூத்தவருக்கு விட்டுக்கொடுக்கிற மனது இந்தக் காலத்தில் யாருக்கு வரும் என்றார். பக்கத்தில் நின்ற மனிசியும் அதையே சொன்னாள். வரிசை முழுக்க அந்தக் கதைதான். யசிந்தன் பொங்கல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான், ஆட்கள் அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். முதலில் விட்டுக்கொடுத்தவன் நான்! ஆனியிலேயே விட்டுக்கொடுத்தேன்! என் தோளில் ஒருத்தரும் தட்டவில்லை. எனக்கு எல்க் கிடைக்க, அவனுக்குப் பேர் கிடைத்தது. இரண்டும் எனக்கே வேண்டும் என்றிருந்தது.

யசிந்தன் எங்கள் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. நின்றிருந்தால் எனக்குச் சுகம். முந்தி மாதிரியே வந்தான், சிரித்தான், பை அடுக்க உதவினான். பச்சை யாக்கெற்றையும் கொண்டுவந்து, உங்களுக்கு அளவாத்தான் இருக்கும் அண்ணை என்று தந்தான். அளவாகத்தான் இருந்தது. நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தபோது அவன் எனக்குப் பின்னால் நின்று அதன் கொலரைச் சரிசெய்துவிட்டான். அவன் கை கொலரில் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தது. நான் யாக்கெற்றைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கவில்லை.

புரட்டாதியில் ஒரு விடியக்காலை, விமான நிலையத்துக்கு அவனே காரில் கொண்டுவந்து இறக்கினான். வழி முழுக்க எனக்குப் புத்தி சொன்னான். நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த புத்திதான். காற்றுக்கு எதிரே இருங்கோ, வேர்த்தால் மாத்துங்கோ, குளிசையை மறக்காதேங்கோ. நான் ஓம், ஓம் என்று கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். உள்ளே போகிற கதவுக்கு முன்னால் பையை இறக்கி வைத்துவிட்டு அவன் நிமிர்ந்தான். சிரிப்பு இல்லை.

"அண்ணை, சொல்லுறன் எண்டு கோவிக்காதேங்கோ. எனக்கு வயிறு எரியுது. நீங்கள் ஒண்டும் சுடாமல் வெறுங்கையோடை திரும்பி வரவேணும் எண்டுதான் மனம் கேக்குது. கோயிலிலையும் அதைத்தான் கேட்டனான். உங்களுக்கு முன்னாலை சிரிச்சுச் சிரிச்சுக் களைச்சுப் போனன்."

சொல்லிவிட்டு ஒரு பெரிய மூச்சு விட்டான். பிறகு பையைத் தூக்கி ட்ரொலியில் வைத்து, பட்டியை இழுத்துப் பார்த்து, என்னைக் கட்டிப்பிடித்தான். கவனமாப் போட்டு வாங்கோ என்றான். அதுவும் உண்மையாகத்தான் சொன்னான்.

நானும் சொல்லியிருக்கலாம். நல்ல தருணம் அது. மலையில் அவனை என்ன செய்ய நினைத்தேன், குகைக்குள் என்ன கேட்டேன், சப்பாத்தை ஏன் சின்னதாக எடுக்கச் சொன்னேன் என்று எல்லாவற்றையும் அந்த வாசலில் கொட்டியிருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம். வாயைத் திறந்தேன்.

"சரி, வாறன்," என்றேன்.

அவன் கையைக் காட்டிவிட்டுக் காரை நோக்கிப் போனான். தலை நிமிர்ந்து, இரண்டு கையையும் வீசிக்கொண்டு, ஏதோ சுமையை இறக்கி வைத்த ஆளாகப் போனான். என்னிடம் பை இருந்தது, பாஸ்போட் இருந்தது, எல்க் வேட்டைக் குழுவில் என் பெயரில் ஓர் இடம் இருந்தது. ஆனால் இரண்டு மாதம் என் தொண்டைக்குள் கிடந்து அழுகினதை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான், அவனால் அது முடிந்தது. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவன் முதுகையே பார்த்தேன். எனக்கு மறுபடியும் எரிந்தது.